காலண்டர் ஆர்டர் பிடிக்க: கடைக்கென்றே ஒரு மாதிரி

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் புத்தாண்டு காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் வெளியாகும். அந்த ஆல்பத்தோடு மட்டும் நிறுவனங்களின் படியேறாதீர்கள். எல்லா ஏஜெண்டுகளும் அதைத்தான் நீட்டுகிறார்கள். போவதற்கு முன்பே அந்தக் கடைக்கென்று ஒரு மாதிரி அச்சிட்டுக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் உள்ள அதே எழுத்து, அதே நிறம். விதைக் கடையா, விதைப்புப் பருவங்களைச் சேருங்கள். ஆடிட்டர் அலுவலகமா, மாதந்தோறும் 20ஆம் தேதியில் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் நினைவூட்டல் இருக்கட்டும். இந்த அக்கறையை வியாபாரிகள் உடனே கவனிப்பார்கள்.

நிறத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும். எனவே கைபேசியில் காட்டி ஒப்புதல் வாங்காதீர்கள். தாளில் எடுத்த மாதிரியையே காட்டுங்கள். லோகோவையும் வாட்ஸ்அப் படமாக வாங்காமல் மூலக் கோப்பாகக் கேளுங்கள்.