பி-மதிப்பைத் தலைகீழாகப் படிக்காதீர்கள்: புள்ளியியல் முதல் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் ஆய்வாளர் இருந்தார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று குடித்துப் பார்த்தே தன்னால் சொல்ல முடியும் என்றார். அங்கே பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் பிறகு 1935-ல் வெளியிட்ட நூலில், பெயர் சொல்லாமல், இப்படி ஒரு கூற்றை எப்படிச் சோதிப்பது என்று விளக்கினார். மொத்தம் எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். கோப்பைகளைத் தரும் வரிசையைக் குலுக்கல் தீர்மானிக்கும். நான்குக்கு நான்கு என்ற விவரம் குடிப்பவருக்கும் தெரியும். எட்டில் நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. எனவே வெறுமனே ஊகிப்பவர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 70-ல் 1, அதாவது 0.014. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னால், இந்த எண்தான் பி-மதிப்பு.

ஹைபாதிசிஸ் டெஸ்டிங், அதாவது ஒரு கருதுகோளைத் தரவு கொண்டு சோதிக்கும் பாடத்தை இந்த எட்டுக் கோப்பையில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். பட்டியல் வேண்டாம், சூத்திரம் வேண்டாம், எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களும் இதிலேயே தெரிந்துவிடும்.

முதல் சறுக்கல், மிகப் பெரியதும் இதுதான்: பி-மதிப்பு 0.014 என்றால் ‘அவர் ஊகித்துச் சொல்லியிருக்க 1.4 சதவீதம்தான் வாய்ப்பு’ என்று எழுதுவது. அந்த 0.014 எப்படி வந்தது என்று திரும்பிப் பாருங்கள். ‘இவருக்கு எந்தத் திறமையும் இல்லை’ என்று வைத்துக்கொண்டுதான் கணக்கையே போட்டோம். அதுதான் இன்மைக் கருதுகோள். அது உண்மை என்று எடுத்துக்கொண்டு கிடைத்த எண், அது உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பை எப்படிச் சொல்லும்? அந்த நிபந்தனையின் கீழ், இந்த அளவுக்கோ இதைவிடத் தீவிரமாகவோ ஒரு விளைவு வர எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே பி-மதிப்பு சொல்கிறது.

இரண்டும் எவ்வளவு விலகலாம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஆயிரம் புதிய மருந்துகளைச் சோதிக்கிறோம். அவற்றில் 100 மட்டுமே உண்மையில் வேலை செய்பவை என்று வைத்துக்கொள்வோம். வேலை செய்யும் மருந்தைக் கண்டுபிடிக்கும் திறன் 80 சதவீதம் என்றால் 80 பிடிபடும். வேலை செய்யாத 900-ல், பி 0.05-க்குக் கீழே வந்தால் தேறியது என்னும் 5 சதவீத வரம்பின்படி 45 மருந்துகள் தற்செயலாகத் தேறிவிடும். ஆக, ‘சிக்னிஃபிகண்ட்’ (வரம்பில் தேறியது) என்று வந்த 125-ல் 45, அதாவது 36 சதவீதம், வெற்று முடிவுகள். வரம்பு 0.05 என்பதால் தவறான முடிவுகள் நூற்றுக்கு ஐந்துதான் என்று நினைத்தவர் இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் பி-மதிப்பு குறித்துத் தனி அறிக்கையே வெளியிட்டு, அது கருதுகோள் உண்மையாக இருப்பதன் நிகழ்தகவு அல்ல என்று தெளிவுபடுத்தியது. ஆய்வாளர்களுக்கே அதைச் சொல்ல வேண்டியிருந்ததால், முதல் பருவத்தில் குழம்புகிற மாணவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் குழப்பத்தோடு அடுத்த பருவத்துக்குப் போகக்கூடாது.

அடுத்தது, நம் விடைத்தாள்களில் பல்லாண்டுகளாக ஊறிப்போன ஒரு வரி: ‘கணக்கிட்ட மதிப்பு அட்டவணை மதிப்பைவிடக் குறைவு, ஆகவே இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது.’ தேநீர்ச் சோதனையில் பால் முதலில் ஊற்றிய நான்கில் மூன்றை மட்டும் சரியாகச் சொன்னால், மூன்றோ அதற்கு மேலோ சரியாக வரும் வாய்ப்பு 70-ல் 17, அதாவது 0.243. ஊகிப்பவருக்கே இது எளிதில் வாய்க்கும் என்பதால் இன்மைக் கருதுகோளை நிராகரிக்க முடியாது. ஆனால் அவருக்குத் திறமை இல்லை என்று நிரூபித்துவிட்டோமா? இல்லை. சோதனையின் அளவையும் பாருங்கள். இரண்டுக்கு இரண்டு என நான்கே கோப்பைகள் வைத்திருந்தால், எல்லாமே சரியாகச் சொன்னாலும் பி-மதிப்பு 6-ல் 1. எவ்வளவு திறமைசாலியும் 0.05 வரம்பைத் தொடவே முடியாது. அப்படிப்பட்ட சோதனையில் ‘வேறுபாடு இல்லை’ என்று முடிவெழுதினால், சோதனையின் பலவீனத்தைக் கண்டுபிடிப்பாகக் காட்டுகிறோம். ‘நிராகரிக்கப் போதிய சான்று இல்லை’ என்று எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை கோப்பை வேண்டும் என்பதைத் தரவு திரட்டும் முன்பே கணக்கிடுங்கள்.

முன்பே முடிவு செய்ய வேண்டியவை இன்னும் உண்டு. ஒரு திசையில் வரும் வேறுபாட்டை மட்டும் பார்க்கும் ஒருபக்கச் சோதனையா, இரு திசைகளிலும் பார்க்கும் இருபக்கச் சோதனையா என்பது அதில் ஒன்று. இசட் மதிப்பு (இன்மைக் கருதுகோள் எதிர்பார்ப்பதிலிருந்து விளைவு விலகும் அளவு) 1.8 என்று வந்தால் இருபக்கச் சோதனையில் பி 0.072, ஒருபக்கச் சோதனையில் 0.036. விடையைப் பார்த்த பிறகு ஒருபக்கத்துக்குத் தாவுவது முடிவைத் திருத்துவதுதான், அதை நேர்மையான கணக்கு என்று சொல்ல முடியாது. பல சோதனைகளைப் போட்டுத் தேறியதை மட்டும் எழுதுவதும் இதே வகை. எந்த விளைவும் இல்லாத இடத்தில், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை 0.05 வரம்பில் போட்டால், ஒன்றாவது தேறிவிடும் வாய்ப்பு 64 சதவீதம். இதைக் கண்முன் காட்டியது 2009-ல் கிரேக் பென்னட் குழுவினர் முன்வைத்த ஆய்வு. செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை மூளை ஸ்கேன் கருவியில் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் ‘காட்டினார்கள்’. பல்லாயிரம் புள்ளிகளைத் தனித்தனியாகச் சோதித்து, இத்தனை சோதனைகள் போட்டதற்கான திருத்தம் எதுவும் செய்யாமல் விட்டபோது, மீனின் மூளையில் ‘இயக்கம்’ தெரிந்தது. திருத்தம் செய்ததும் அது மறைந்துவிட்டது.

வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைப் பாராமல் பி-மதிப்போடு நின்றுவிடுவது இன்னொரு தவறு. ஒரு தேர்வில் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) 15 மதிப்பெண் என்று கொள்வோம். குழுவுக்குப் பத்தாயிரம் பேர் இருந்தால், இரு குழுக்களின் சராசரிக்கிடையே அரை மதிப்பெண் வேறுபாடே பி 0.018 என்று தேறிவிடும். குழுவுக்கு 50 பேர் மட்டும் இருந்தால் ஐந்து மதிப்பெண் வேறுபாடுகூட பி சுமார் 0.10 என்று தவறிவிடும். கற்பித்தல் முறையை மாற்றலாமா என்று யோசிக்கும் ஆசிரியருக்கு இந்த இரண்டில் எது கவனிக்கத்தக்கது?

சில தவறுகளுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. திட்ட விலக்கம் தரவின் சிதறலைச் சொல்கிறது, திட்டப் பிழை சராசரியின் துல்லியத்தைச் சொல்கிறது. வரைபடத்தில் பிழைக்கோடு சிறியதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடாதீர்கள். எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை-வர்க்கச் சோதனையில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழே போகும் கட்டங்களைக் கவனியுங்கள். ஒரே நோயாளிகளிடம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்த ரத்த அழுத்தத்துக்கு ஒவ்வொருவரின் இரு அளவுகளுக்கிடையேயான வேறுபாட்டைப் பார்க்கும் இணை டி-சோதனைதான் பொருத்தம். அவர்களை இரு தனிக் குழுக்கள்போல் நடத்தினால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு நடுவில் புகுந்து, இருக்கிற விளைவையும் மறைத்துவிடும்.

முடிவுரை எழுதும்போது ‘பி > 0.05, ஏற்கப்படுகிறது’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். மேலே சொன்ன 50 பேர் கணக்குக்கு இப்படி எழுதலாம் (நம்பிக்கை இடைவெளி என்பது தரவோடு பொருந்தும் வேறுபாடுகளின் எல்லை): ‘புதிய முறையில் படித்தவர்களின் சராசரி 5 மதிப்பெண் கூடுதல், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ −1 முதல் 11 வரை, பி சுமார் 0.10. வேறுபாடே இல்லை என்பதற்கும், பெரிய முன்னேற்றம் உண்டு என்பதற்கும் இந்தத் தரவு இடம் தருகிறது. கூடுதல் மாணவர்களைக் கொண்டு மீண்டும் சோதிக்க வேண்டும்.’