ஈரக்காற்றில் வேற்றுக்கிரக உருவங்களுக்கு வர்ணம் பூசுதல்

மேசைப் போர் விளையாட்டுக்கான சிறு வேற்றுக்கிரக உருவத்துக்கு வேறொரு உருவத் தொகுதியிலிருந்து எடுத்த கையையோ வாலையோ வெறும் பசையால் ஒட்டினால் விளையாட்டின் நடுவே கழன்றுவிடக்கூடும். ஆகையால் இரு பக்கமும் 1 மில்லிமீற்றர் துளையிட்டு, மெல்லிய கம்பித் துண்டொன்றைச் செருகி ஒட்டுங்கள். இடைவெளியை இரு கூறு எபொக்சி பட்டியால் (இரு கூறுகளையும் பிசைந்து சேர்த்தால் இறுகும் களிமண் போன்ற பொருள்) நிரப்பி, அது இறுகுமுன் நீரில் நனைத்த ஊசிமுனையால் செதில்களைக் கீறிவிட்டால், இணைப்பு எளிதில் கண்ணில் படாது.

கொழும்பில் இதைவிடப் பெரிய சிக்கல் காற்றின் ஈரப்பதமே. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழைக் காலத்தில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால், உலரும் பூச்சுக்குள் ஈரம் சிக்கி, பாடுபட்டுத் தீட்டிய ஆழ்ந்த ஊதாத் தோல்கூட வெண்ணிறம் படர்ந்து மங்கிவிடலாம். மழை நாட்களில் அடிப்பூச்சையும் வார்னிஷையும் நீரில் கரையும் அக்ரிலிக் வகையாகத் தெரிந்தெடுத்து, தூரிகையால் மெல்லிய இரு பூச்சுகளாக, முதலாவது முற்றாகக் காய்ந்த பின்னரே இரண்டாவதைப் பூசுங்கள்.