இதய வால்வு மாற்று சிகிச்சை: இரண்டு மருத்துவமனைகளின் முடிவுகளை ஒப்பிடுவது எப்படி?

"எங்களிடம் இறப்பு விகிதம் 1 சதவீதம்தான்" என்று ஒரு மருத்துவமனை சொன்னால், அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எந்த சிகிச்சை, எப்படிப்பட்ட நோயாளிகள், எத்தனை நாள் வரை எண்ணினார்கள், மொத்தம் எத்தனை பேர் என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் போதும்; கணக்கு கடினமில்லை.

படி 1: சிகிச்சையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெருந்தமனி வால்வை நெஞ்சைத் திறந்து மாற்றுவது ஒன்று. தொடை இரத்தக்குழாய் வழியே குழாய் செலுத்திப் பொருத்தும் டாவி இன்னொன்று. இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு தனி. வால்வோடு பைபாஸும் சேர்ந்தால் ஆபத்து கூடும், அதையும் தனியாகவே வையுங்கள். "வால்வு சிகிச்சை" என்று மொத்தமாகக் கொடுத்திருந்தால், மைட்ரல் வால்வைப் பழுதுபார்த்தவர்களும் அதற்குள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பழுதுபார்ப்பில் இறப்பு பொதுவாக மாற்றுவதைவிடக் குறைவு. இரண்டையும் கலந்தால் எண் தானாகவே அழகாகிவிடும்.

படி 2: எண்ணுவது எந்த நாளில் நிற்கிறது?

அமெரிக்க நெஞ்சறை அறுவை மருத்துவர்கள் சங்கம், சுருக்கமாக எஸ்டிஎஸ், வைத்திருக்கும் வரையறை நல்லது: வீட்டுக்குப் போயிருந்தாலும் 30 நாளுக்குள் நேர்ந்த இறப்பு சேரும், 30 நாள் தாண்டியும் அதே அனுமதியில் படுக்கையில் இருந்தால், அங்கே நேரும் இறப்பும் சேரும். சில இடங்களில் மருத்துவமனைக்குள் நடந்ததை மட்டும் எண்ணுவார்கள். 6-ஆம் நாள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டு 12-ஆம் நாள் இறந்தவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

படி 3: எதிர்பார்த்த இறப்போடு வகுத்துப் பாருங்கள்

ஒப்பீட்டின் உயிர்நாடி இதுதான். வயது, சிறுநீரகச் செயல்பாடு, இதயத்தின் பம்பு வலு, முன்பு இதய அறுவை நடந்ததா, அவசர நிலையா என்பதை வைத்து ஒவ்வொரு நோயாளிக்கும் ஆபத்தை எஸ்டிஎஸ் ஸ்கோர், யூரோஸ்கோர் 2 போன்றவை கணிக்கின்றன. எல்லோருடைய கணிப்பையும் கூட்டினால், எதிர்பார்க்கப்படும் இறப்பு எண்ணிக்கை கிடைக்கும்.

பழகிப் பார்க்க ஒரு கற்பனைக் கணக்கு:

- மருத்துவமனை அ: 200 பேர், 6 இறப்பு (3%). எதிர்பார்த்தது 8. விகிதம் 6 ÷ 8 = 0.75
- மருத்துவமனை ஆ: 200 பேர், 4 இறப்பு (2%). எதிர்பார்த்தது 2.5. விகிதம் 4 ÷ 2.5 = 1.6

சதவீதத்தில் முந்தி நிற்பது ஆ. ஆனால் கடினமான நோயாளிகளை ஏற்றுக்கொண்டும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இழந்தது அ. விகிதம் 1-க்குக் கீழே இருப்பது நல்லது.

இங்கே ஒரு பொறி உண்டு. பழைய யூரோஸ்கோர் ஆபத்தை மிகைப்படுத்திக் காட்டும். அதை வைத்தால் சுமாரான மருத்துவமனைக்கும் 1-க்குக் கீழேதான் வரும். ஆகவே இரண்டு இடத்துக்கும் ஒரே ஸ்கோர், ஒரே பதிப்பு.

படி 4: எண்ணிக்கை போதுமா?

மேலே அ-வுக்குக் கைதட்டும் முன் நிதானியுங்கள். அதன் 0.75-க்கு 95% நம்பக இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) சுமார் 0.3 முதல் 1.6 வரை, ஆ-வுக்கு சுமார் 0.4 முதல் 4.1 வரை. இரண்டு இடைவெளிக்குள்ளும் 1 அடங்குவதால் யார் மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது. மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்தால் இடைவெளி சுருங்கும். அப்போதும் சந்தேகம் தீராமல் போகலாம்.

"50 பேருக்குச் செய்தோம், ஒருவரும் இறக்கவில்லை" என்றால், இறப்பே இல்லாத கணக்குக்கான எளிய விதிப்படி 3-ஐ 50-ஆல் வகுங்கள்: உண்மையான விகிதம் 6% வரைகூட இருக்கலாம். மருத்துவமனைகளுக்கு எஸ்டிஎஸ் கொடுக்கும் தர நட்சத்திரங்களையும் (ஒன்று முதல் மூன்று வரை) இப்படியே படிக்க வேண்டும். பெரும்பாலான இடங்கள் இரண்டு நட்சத்திரத்தில்தான் நிற்கும். அது எதிர்பார்த்த அளவு என்று பொருள், மோசம் என்றல்ல.

படி 5: உயிர் பிழைத்தவர்களுக்கு என்ன ஆயிற்று?

திறந்த அறுவையில் பார்க்க வேண்டியவை: பக்கவாதம், டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரகச் செயலிழப்பு, 24 மணி நேரத்துக்கு மேல் வென்டிலேட்டர், மறுபடி நெஞ்சைத் திறக்க நேர்ந்தது, நெஞ்செலும்பின் ஆழத்தில் தொற்று. டாவியில் பார்க்க வேண்டியவை: பக்கவாதத்தோடு, புதிதாக நிரந்தர பேஸ்மேக்கர், வால்வின் ஓரத்தில் கசிவு, குழாய் செலுத்திய இடத்தில் இரத்தக்குழாய் சேதம். பேஸ்மேக்கர் விகிதம் பயன்படுத்தும் வால்வைப் பொறுத்தும் மாறும்: தானே விரியும் வகையில் பொதுவாக அதிகம். அதனால் வால்வு வகையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: நேரில் கேட்க வேண்டியது

"கடந்த மூன்று ஆண்டில் எனக்குச் செய்யப்போகும் இதே சிகிச்சை எத்தனை பேருக்கு நடந்தது? 30 நாளுக்குள் எத்தனை இறப்பு, எதிர்பார்த்தது எத்தனை, எந்த ஸ்கோர்? எத்தனை பேரை 30 நாள் வரை தொடர்ந்து விசாரித்தீர்கள்?" கடைசிக் கேள்வியை விடாதீர்கள்: தொடர்பு அறுந்தவர்களை உயிரோடிருப்பவர்களாகக் கணக்கில் வைத்தால் மற்ற எண்கள் எல்லாம் வீண். பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கி, மூச்சிரைப்பு, மயக்கம், நெஞ்சுவலி தொடங்கிவிட்டால் இந்த விசாரணையைச் சில நாட்களில் முடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்பதை இதய மருத்துவரிடமே முதலில் கேளுங்கள்.