மரவள்ளிச் சரக்கு: வடிவத்தையும் எழுதினால் குறியீடு குழம்பாது

ஏற்றுமதி இன்வாய்ஸில் ‘மரவள்ளி மாவு’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அது எப்படிச் செய்யப்பட்டது, எந்த வடிவில் இருக்கிறது என்பதையும் அதே வரியில் சேருங்கள்.

கிழங்கு ஒன்றுதான், ஆனால் அதிலிருந்து வரும் மாவு, ஸ்டார்ச், ஜவ்வரிசி மூன்றுக்கும் எச்.எஸ். அட்டவணையில் (சுங்கத்துக்காகச் சரக்குகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொதுப் பட்டியல்) வெவ்வேறு இடங்கள். காயவைத்த கிழங்கை நாரோடு அரைத்த மாவு 1106.20. கிழங்கை அரைத்துப் பாலைத் தெளியவைத்து எடுத்த ஸ்டார்ச் 1108.14. அதே ஸ்டார்ச்சை உருட்டிச் சூடுகாட்டினால் ஜவ்வரிசி, அது 1903. சேலத்திலிருந்து போகும் வெள்ளை மணிகள் இதில்தான் அடங்கும். மாவும் ஸ்டார்ச்சும் மூட்டையில் ஒன்றுபோலவே தெரியும். (விரல்களால் அழுத்திப் பாருங்கள், ஸ்டார்ச் கறகறக்கும்.) விவரம் மொட்டையாக இருந்தால் அதிகாரி மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம், முடிவு வரும்வரை துறைமுக வாடகை உங்கள் தலையில்தான்.

வேதிமுறையில் மாற்றிய ஸ்டார்ச்சுக்கு இது பொருந்தாது. அது 3505-க்குப் போய்விடும். சர்க்கரை, பால்பொடி கலந்த பாயச மிக்ஸையும் இந்த மூன்றில் அடைக்க முயலாதீர்கள். ஆறு இலக்கத்துக்குப் பிறகு வரும் எண்கள் நாட்டுக்கு நாடு வேறு என்பதால், அவற்றை இறக்குமதியாளரிடம் கேட்டே எழுதுங்கள்.