மாலை வகுப்பும் மருத்துவ முகாமும்: கல்லூரித் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் வைகைக் கரையோரக் குடிசைப் பகுதிகளுக்குக் கல்லூரி மாணவர்கள் வருவது புதிதல்ல, பாதியில் நிற்பதும் புதிதல்ல. ஆகஸ்டில் ஆரவாரமாகத் தொடங்கும் வகுப்பு, நவம்பரில் செமஸ்டர் தேர்வு வந்ததும் படுத்துவிடும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் கணக்கு. அதை இரண்டு மாதத்தில் கொட்டித் தீர்க்காமல் வாரம் 2 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் எனப் பிரித்தால் 40 வாரம் ஓடும். தேர்வுத் தேதி வேறாக இருக்கும் இரண்டு துறைகளிலிருந்து ஆள் எடுங்கள், ஒரு குழு படிக்கும்போது மற்றது வரட்டும். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் மட்டும் வகுப்பு வைக்க வேண்டாம், ஒரு பிள்ளையும் வராது.

தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் பெண் பிள்ளையிடம் “சின்னவனை வீட்டில் விட்டுட்டு வா” என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் ஏன் தூக்கி வருகிறாள்? மறுநாள் அவளும் வரமாட்டாள். சின்னவர்களுக்கென்று ஒரு தன்னார்வலரை ஒதுக்குங்கள்.

வகுப்பு வாரியாக உட்கார வைப்பது அடுத்த தவறு. ஆறாம் வகுப்புப் பிள்ளை தமிழ்ப் பாடத்தைக் கடகடவென வாசிக்கும், விரல் மட்டும் இரண்டு வரி பின்னால் நிற்கும். அது வாசிப்பு அல்ல, மனப்பாடம். பார்க்காத பத்தியைக் கொடுத்து, நடுவில் ஒரு சொல்லைக் காட்டிக் கேளுங்கள். எழுத்து, சொல், எளிய பத்தி, சிறு கதை எனப் படிப்படியாகச் சோதிக்க ஒருவருக்கு 5 நிமிடம் போதும். எந்தப் படியில் தடுக்குகிறதோ அந்தக் குழுவில் சேருங்கள். தமிழில் பலரும் சிக்குவது ஒகர ஓகாரத்தில்தான். எழுத்துக்கு இருபுறமும் குறி வருவதால் ‘கொக்கு’ என்பதில் முன்குறியை மட்டும் பார்த்துப் பிள்ளை ‘கெ’ என்று தொடங்கிவிடும். கெ–கொ, பே–போ என்று ஜோடி அட்டைகள் வைத்துப் பழக்குங்கள். பள்ளி வீட்டுப்பாடத்தை நீங்களே சொல்லி எழுத வைத்தால் நோட்டு நிரம்பும், அவ்வளவுதான்.

உடல்நலத்தில் அதிகம் சொதப்புவது கண் பரிசோதனை. பெரும்பாலான பார்வை அட்டைகள் 6 மீட்டர் தூரத்துக்கானவை. சந்தில் இடமில்லை என்று 3 மீட்டரில் நிறுத்தினால் கிட்டப்பார்வை உள்ள பிள்ளையும் தேறிவிடும். டேப் வைத்து அளந்து தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடட்டும். விரலால் அழுத்தினால், அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது அதற்கு மங்கலாகத் தெரியும். வரிசையில் நிற்பவர்கள் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தால் முறை வருவதற்குள் எல்லாம் மனப்பாடம், அதனால் அவர்களை மறைவில் நிறுத்துங்கள். ஆங்கில எழுத்து தெரியாதவர்களுக்குத் திசை காட்டும் ‘E’ அட்டை இருக்கிறது, E-யின் கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும்.

பார்வைக் குறை இருக்கலாம் என்று தெரியும் பிள்ளைகளின் பட்டியலைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டு வருவதுதான் இதில் பெரிய பிழை. சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அவர் வரக்கூடிய நாளைக் கேட்டு, அரசு இராசாசி மருத்துவமனைக்கோ அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ ஒருவர் கூடவே போக வேண்டும். கண்ணாடி வந்த பிறகும் வேலை இருக்கிறது: ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அது பைக்குள் கிடக்கும், “சோடாபுட்டி” என்று யாராவது கூப்பிட்டிருப்பார்கள்.

மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். குடற்புழு நீக்க மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தருகிறார்கள், இரட்டிப்பாகிவிடும். சிரங்குக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால் திரும்ப வரும். மருத்துவர் சொன்னபடி வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் பூச வேண்டும். வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத் தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டாம். 1 லிட்டருக்கான பொட்டலம் என்றால் முழுவதையும் 1 லிட்டர் குடிநீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.

சத்துணவு வகுப்பில் பாதாம், மாதுளை என்று பேசுவது யாருக்கு? முருங்கைக்கீரை, நிலக்கடலை, பள்ளி முட்டை பற்றிப் பேசுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கப்பட்டது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதைச் சாப்பிடும் நேரத்துக்குப் போய்ச் சேருகிறார்களா என்று கேட்பது உரையைவிடப் பயன் தரும்.

முகம் தெரியும் படங்களை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னால் “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவிக்காமல் இருப்பது குற்றம். துருவிக் கேட்காமல், வீட்டில் போய்ச் சண்டை போடாமல், போலீஸிடம் தெரிவியுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைத்தாலும் வழிகாட்டுவார்கள்.

இறுதியாண்டு மாணவர்கள் போகும் முன் அடுத்த அணிக்கு ஒரு நோட்டு தர வேண்டும். பிள்ளையின் பெயர், வாசிப்புப் படி, கண்ணாடி போடுகிறதா, பாக்கியிருக்கும் மருத்துவமனைத் தேதி, அம்மா வீட்டில் இருக்கும் நேரம் ஆகியவை அதில் இருக்கட்டும். நோட்டு பொறுப்பாசிரியரிடம் பூட்டி இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம்.