மாத்திரைப் பையிலிருந்து தொடங்குங்கள்

மருந்தாளுநர் படிப்பான பார்ம்.டி-யின் ஆறாம் வருடம், இன்டர்ன்ஷிப்பில் எனக்குக் கிடைத்த முதல் வார்டு பெண்கள் வார்டு. அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்த 68 வயதுப் பாட்டி ஒருவர். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிப்போய்க் கொண்டுவந்திருந்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை 42, ஆபத்தான அளவுக்குக் குறைவு. மறுநாள் தெளிந்ததும், "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா பாட்டி?" என்று கேட்டேன். "சாப்பிடறேன் கண்ணு" என்றார். எழுதிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன்.

அதற்கடுத்த நாள் அவர் மகள் வீட்டிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். உள்ளே அரசு மருத்துவமனையில் வாங்கிய கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை நோய் மாத்திரை அட்டை. கூடவே டவுனில் இன்னொரு மருத்துவர் எழுதிய கிளிமிபிரைட் அட்டை. இரண்டும் கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் ஒரே வகை. பாட்டி இரண்டையும் ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறார்.

வார்டில் நோயாளிகளின் மருந்துகளைச் சரிபார்க்கும் இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கேஸ் ஷீட்டோடு நின்றுவிடாதீர்கள், பையை வரவழையுங்கள். காலி அட்டைகளையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பையைக் கட்டில் மேல் கொட்டிவிட்டு, "எதை எப்போ போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வி வேண்டாம். பிராண்ட் பெயரை விட்டுவிட்டு அதன் கீழே பொடியாக அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது அப்போதுதான் கண்ணில் படும். வாங்கிய தேதியைக் கேட்டு, மிச்ச மாத்திரையை எண்ணுங்கள். அப்புறம் கடையில் கேட்டு வாங்கிய மூட்டுவலி மாத்திரை, லேகியம், கஷாயம் இவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். முகம் சுளிக்காமல் கேளுங்கள். ஒருமுறை திட்டிவிட்டால் அடுத்த முறை அந்தப் பொருள் பையில் இருக்காது.

அடுத்து சிறுநீரகம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.4 என்றால் "கொஞ்சம்தான் அதிகம்" என்று கடந்து போகத் தோன்றும். அந்தப் பாட்டியின் எடை 45 கிலோ. 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியாட்டினினால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் வருவது சிறுநீரகம் சுத்திகரிக்கும் வேகம், அதாவது கிளியரன்ஸ்: நிமிடத்துக்கு 27 மில்லி, மிகக் குறைவு. இந்த நிலையில் கிளிபென்கிளமைட் உடம்பில் தங்கி, சர்க்கரையை மறுபடி மறுபடி இறக்கும். கணக்கை மனதில் போடாமல் காகிதத்தில் போடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்தக் காகிதத்தோடு போங்கள். நோயாளி முன்னால் பேச வேண்டாம். "கிளியரன்ஸ் 27 வருது சார், இரண்டு மருந்தும் சேர்ந்து ஓடியிருக்கு, கிளிபென்கிளமைடை நிறுத்திடலாமா?" என்று எண்ணையும் ஒரு வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் நின்று கேட்பார்கள்.

டிஸ்சார்ஜ் நாளில் இன்சுலின் போடுபவர்களுக்குக் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டிலுக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். வாயால் விளக்கினால் போதாது. நம் கண் முன்னால் அவர்களே இழுத்துக் காட்ட வேண்டும்.

கிராமத்துக்குப் போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் அக்காவுடன் நடங்கள். யார் வீட்டில் என்ன நிலைமை என்று அவருக்குத் தெரியும். பர்கூர் மலையில் ஓர் அம்மா, இதயக் கோளாறுக்குக் கொடுத்த, சிறுநீரை அதிகம் போக வைக்கும் தண்ணி மாத்திரையைக் காலையில் போடுவதே இல்லை. கால் வீங்கியிருந்தது. "நூறு நாள் வேலைக்குப் போற இடத்துல ஒதுங்க மறைவு ஏதுங்க?" என்றார். எந்தப் புத்தகத்திலும் இந்தக் காரணத்தை நான் படித்ததில்லை. மருத்துவரிடம் பேசி, வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு மதியம் இரண்டு மணிக்கு மாற்றினோம்.

ஆராய்ச்சி செய்ய ஆசை இருந்தால் கேள்வியை இங்கிருந்தே எடுங்கள். எனக்கு "மாத்திரையை ஏன் விடுகிறார்கள்" என்ற கேள்வி அந்த அம்மாவின் வீட்டு வாசலில்தான் கிடைத்தது. ஒரு நோட்டில் தேதி, மருந்து, விட்ட காரணம் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, பெயர் வேண்டாம். ஆனால் அதை ஆய்வாக்க நினைத்தால், தகவல் சேகரிக்கும் முன்பே, ஆய்வின் நெறிமுறையைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தாலே போதும், அறிக்கை அனுப்பலாம், நிரூபிக்க வேண்டியதில்லை. நோயாளியின் பெயர் முதலெழுத்து, சந்தேகப்படும் மருந்து, என்ன ஆனது, அனுப்புகிறவர் யார் என்ற நான்கும் படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். மருந்துப் பக்கவிளைவுகளுக்காகக் காசியாபாத்திலிருந்து நடக்கும் தேசியக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024.