நிரலில் தப்பில்லை, ஆனாலும் சர்க்யூட் அடம்பிடிக்கிறதா?

எல்இடி மின்னுகிறது, சென்சார் ஒழுங்காக அளவு காட்டுகிறது. மோட்டாரை இணைத்ததும் எல்லாம் குழம்பிவிடுகிறது. போர்டு தானாக ரீசெட் ஆகிறது, திரையில் கண்ட கண்ட எழுத்துகள் வருகின்றன, வயரைத் தொட்டால் சரியாகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி கெடுகிறது. இந்த இடத்தில் பலரும் நிரலைத் திறந்து வரிவரியாக மாற்றத் தொடங்குவார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. ஒரு தப்பு எப்போதும் ஒரே மாதிரி நடந்தால் நிரலைச் சந்தேகிக்கலாம். சில நேரம் நடந்து சில நேரம் நடக்காமல் போனால், மின்சாரம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

மின்சாரம் போதவில்லை

ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாருக்கு மின்சாரம் எடுப்பது ஆரம்பநிலையில் எல்லாரும் செய்யும் தவறு. சுமையில்லாமல் சுற்றும்போது சர்வோ குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் எஸ்ஜி90 போன்ற குட்டி சர்வோகூட, அதன் கை எதிலாவது முட்டி நின்றுவிட்டால் அரை ஆம்பியரைத் தாண்டும். யுஎஸ்பி வழியாக வரும் மின்சாரத்துக்கு ஊனோவில் 500 மில்லிஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. இரண்டு சர்வோ ஒரே நேரத்தில் அசைந்தால் மின்னழுத்தம் சரிந்து சிப் ரீசெட் ஆகிவிடும். மோட்டாருக்குத் தனி 5 வோல்ட் சப்ளை கொடுங்கள். அதன் கிரவுண்டை மட்டும் போர்டின் கிரவுண்டோடு சேருங்கள்.

அதே ஊனோவின் வட்ட ஜாக்கில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் பிரச்சினை வேறு வடிவில் வரும். போர்டில் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டுக்குக் குறைப்பது லீனியர் ரெகுலேட்டர். மிச்சமாகும் 7 வோல்ட்டை அது வெப்பமாக்கித்தான் கழிக்கும். 300 மில்லிஆம்பியர் எடுத்தால் 7 பெருக்கல் 0.3, அதாவது 2.1 வாட் வெப்பம். அந்தச் சின்ன ரெகுலேட்டர் தாங்காது. சூடேறித் தன்னை அணைத்துக்கொள்ளும், ஆறியதும் திரும்ப வரும். ‘பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது’ என்பதற்குப் பின்னால் பல நேரம் இந்தக் கணக்குதான் இருக்கும். இங்கே, மிச்சத்தை இப்படி வெப்பமாக்காமல் மின்னழுத்தத்தைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் பயன்படுத்த வேண்டும். ஆனால் எல்எம்2596 என்ற பக் கன்வர்ட்டர் மாட்யூலை வாங்கியதும் அப்படியே போர்டில் இணைத்துவிடாதீர்கள். அது எந்த வோல்ட்டில் வைத்து அனுப்பப்பட்டது என்று சொல்ல முடியாது. முதலில் எதையும் இணைக்காமல் உள்ளீடு கொடுத்து, வெளியீட்டில் மல்டிமீட்டரை வைத்து, திருகைத் திருப்பி 5 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். அது பல சுற்றுத் திருகு. முதல் சில சுற்றுகளில் எண் அசையாமலே இருக்கலாம். பழுதென்று நினைத்து விட்டுவிட வேண்டாம்.

வைஃபை உள்ள ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலரின் குணம் தனி. சராசரியாகக் கொஞ்சம்தான் எடுக்கும். வைஃபை சிக்னல் அனுப்பும் கணத்தில் மட்டும் சில நூறு மில்லிஆம்பியர் கேட்கும். அதன் தயாரிப்பாளர்கள் குறைந்தது 500 மில்லிஆம்பியர் தரும் சப்ளை வேண்டும் என்கிறார்கள். அந்தக் கணத்தில் 3.3 வோல்ட் சரிந்தால் ‘பிரவுன்அவுட்’ (மின்னழுத்தம் போதவில்லை) என்ற செய்தியோடு போர்டு ரீசெட் ஆகும். மல்டிமீட்டரில் இந்தச் சரிவு தெரியாது. மீட்டர் சராசரியைக் காட்டுகிறது, சரிவோ மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடுகிறது. 470 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்றை 3.3 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில், போர்டை ஒட்டி வைத்துப் பாருங்கள். ரீசெட் நின்றால் காரணம் பிடிபட்டது. பிரவுன்அவுட் கண்காணிப்பையே நிரலில் அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி கண்ணில் படும். அதைக் கேட்காதீர்கள். சிப்பைக் குறைந்த மின்னழுத்தத்திலேயே ஓடவிட்டால் ஃபிளாஷில் எழுதும் தரவு சிதையலாம்.

லித்தியம் செல்லிலிருந்து ஈஎஸ்பி32-ஐ ஓட்டுபவர்கள் ரெகுலேட்டரில் தடுக்கி விழுகிறார்கள். பல போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117, வெளியீட்டைவிட உள்ளீடு சுமார் 1.1 வோல்ட் அதிகமாக இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். 3.3 வோல்ட் வேண்டுமென்றால் உள்ளே 4.4 வேண்டும். லித்தியம் செல்லோ முழுதாகச் சார்ஜ் ஆனாலே 4.2தான். சும்மா இருக்கும்போது குறைவாகச் செலவழிக்கிறதே என்று எம்சிபி1700 ரெகுலேட்டரைப் போடுவது அடுத்த தவறு. அதன் உச்சவரம்பு 250 மில்லிஆம்பியர், வைஃபை எழுந்ததும் மூச்சு முட்டும். 600 மில்லிஆம்பியர் தாங்கும் ஏபி2112கே இந்த வேலைக்குப் பொருந்தும்.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் திரையில் மின்னல் குறி தெரிந்தால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். அடாப்டரைத் திட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். 28 ஏடபிள்யூஜி (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். ஒரு மீட்டர் கேபிளில் போக ஒன்று, வர ஒன்று என 0.42 ஓம். 1.5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.6 வோல்ட் தொலைந்துவிடும், 5.1 வோல்ட் அடாப்டரிலிருந்து பைக்கு வந்து சேர்வது 4.5தான்.

கிரவுண்ட்

இரண்டு சப்ளை வைத்தால் இரண்டின் கிரவுண்டையும் இணைக்க வேண்டும். சிக்னல் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்த வித்தியாசம். பொதுப்புள்ளி இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு 5 வோல்ட் எது, 0 எது என்று தெரியாது. விதிவிலக்கு, சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி இரு பக்கத்தையும் பிரிக்கும் ஆப்டோகப்ளர் வைத்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாட்யூல். அதில் ஜம்பரை எடுத்துவிட்டுக் காயிலுக்குத் தனி சப்ளை கொடுத்தால் கிரவுண்டைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஆப்டோகப்ளர் இருந்தும் பயனில்லை.

கிரவுண்டை இணைத்தவர்களும் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. மோட்டாரின் திரும்பும் மின்சாரமும் சென்சாரின் கிரவுண்டும் பிரெட்போர்டின் (சால்டர் இல்லாமல் வயர் செருகும் துளைப் பலகை) ஒரே பட்டை வழியாகப் போகின்றன. அந்தப் பட்டையும் ஜம்பர் வயரும் சேர்ந்து 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 1 ஆம்பியர் எடுக்கும்போது சென்சாரின் ‘பூஜ்யம்’ 100 மில்லிவோல்ட் மேலே ஏறிவிடும். ஊனோவின் அனலாக் அளவீட்டில் ஒரு படி 4.9 மில்லிவோல்ட், ஆக, ஒன்றுமே மாறாமல் அளவு 20 படிகள் தாவும். மோட்டாரின் கிரவுண்டை நேராகச் சப்ளைக்கே கொண்டுபோங்கள், சென்சாரினுடையதைப் போர்டுக்குக் கொண்டுபோங்கள். இரண்டும் ஒரே ஓர் இடத்தில் சந்தித்தால் போதும்.

பிரெட்போர்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 830 துளை போர்டுகளில் பலவற்றில் ஓரத்துச் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். மேல்பாதிக்கு வரும் மின்சாரம் கீழ்ப்பாதிக்கு வராது. 1 ஆம்பியருக்கு மேல் அதன் வழியாக ஓடவிடாதீர்கள். டிஓ-220 வகை டிரான்சிஸ்டர், ரெகுலேட்டர்களின் தடித்த கால்களை அதில் அழுத்திச் செருகினால் உள்ளே இருக்கும் கிளிப் விரிந்து, அடுத்த முறை அதே துளையில் மெல்லிய வயர் நிற்காது.

3.3-உம் 5-உம்

ராஸ்பெரி பையின் ஜிபிஐஓ (உள்ளீடு, வெளியீட்டுக்கான) பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. எச்சி-எஸ்ஆர்04 தூரமானியின் எக்கோ பின் 5 வோல்ட் தரும். எக்கோவிலிருந்து 1 கிலோஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம். இரண்டும் சேரும் இடத்தில் 3.33 வோல்ட் கிடைக்கும், அதைப் பைக்குக் கொடுங்கள். டிரிகர் பின்னுக்கு எதுவும் தேவையில்லை. ஐ2சி (பல சிப்கள் இரண்டு வயரில் பேசும் முறை) போல இரு திசையிலும் பேசும் வயர்களுக்கு இந்த ரெசிஸ்டர் வித்தை பலிக்காது. அங்கே பிஎஸ்எஸ்138 மாஸ்ஃபெட் வைத்த, 3.3-க்கும் 5-க்கும் இடையே சிக்னலை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் வேண்டும்.

டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டையில் இதே சிக்கல் தலைகீழாக வருகிறது. 5 வோல்ட்டில் ஓடும் பட்டை, சிக்னலை ‘ஒன்று’ என ஏற்க 3.5 வோல்ட் எதிர்பார்க்கிறது. ஈஎஸ்பி32 தருவது 3.3. மேசையில் ஓடும், பெட்டிக்குள் வைத்ததும் முதல் எல்இடி பைத்தியம் பிடித்தாற்போல நிறம் மாறும். 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டாக்கும் 74ஏஎச்சிடி125 சிப் ஒன்று நடுவில் இருந்தால் தீரும். கூடவே டேட்டா வயரில் 330 ஓம், சப்ளையில் 1000 மைக்ரோஃபாரட் வையுங்கள். ஒவ்வோர் எல்இடியும் முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை எடுக்கும் என்று கணக்கிடுவது வழக்கம். 60 எல்இடிக்கு 3.6 ஆம்பியர். நீளமான பட்டையின் கடைசியில் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் பட்டையின் செம்பு மெல்லியது என்று பொருள், இரு முனையிலும் சப்ளை கொடுங்கள்.

மாஸ்ஃபெட், டிரான்சிஸ்டர், டயோடு

மாஸ்ஃபெட் என்பது மின்னழுத்தத்தால் திறக்கும் சுவிட்ச், அந்த மின்னழுத்தத்தைக் கொடுக்கும் கால்தான் கேட். ஐஆர்எஃப்520 மாஸ்ஃபெட் மாட்யூலை மைக்ரோகன்ட்ரோலர்களுக்கென்றே விற்கிறார்கள். வாங்காதீர்கள். அது முழுதாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் வேண்டும். 3.3 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து, ரெசிஸ்டர் போலச் சூடேறும். டேட்டாஷீட்டில் ‘திரெஷோல்ட்’ 2 முதல் 4 வோல்ட் என்று பார்த்துவிட்டு 5 வோல்ட் போதுமென்று முடிவு செய்வதுதான் பொறி. அந்த எண், மாஸ்ஃபெட் திறக்கத் தொடங்கும் அளவை மட்டுமே சொல்கிறது. பார்க்க வேண்டியது, திறந்த நிலையின் மின்தடை எந்தக் கேட் மின்னழுத்தத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை. 5 வோல்ட்டுக்கு ஐஆர்எல்இசட்44என், 3.3-க்கு ஏஓ3400 பொருந்தும். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் கட்டாயம். போர்டு துவங்கும் கணத்தில் பின்கள் எதையும் ஓட்டாமல் மிதக்கும். இந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் மோட்டார் ஒருமுறை துள்ளும்.

ரிலே, மோட்டார், சொலினாய்டு எதுவானாலும் காயிலுக்குக் குறுக்கே டயோடு வேண்டும். கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ் நோக்கி. ரிலேவுக்கு 1என்4007 போதும். பிடபிள்யூஎம் (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கும் முறை) மூலம் வேகம் மாற்றும் மோட்டாருக்கு அது மெதுவானது. 1என்5819 போன்ற ஷாட்கி டயோடு போடுங்கள்.

டிரான்சிஸ்டரில் நடக்கும் தப்பு சின்னது, ஆனால் மணிக்கணக்கில் நேரத்தைத் தின்னும். தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்போது பிசி547-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அப்படியே செருகினால் எரியாது, ஆனால் அரைகுறையாக வேலை செய்து குழப்பும்.

ஈஎஸ்பி32-இன் பின்களும் ஐ2சி முகவரிகளும்

பழைய, அசல் ஈஎஸ்பி32-க்கு இவை பொருந்தும். எஸ்3, சி3 வகைகளின் பின் வரிசை வேறு. 6 முதல் 11 வரை ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போயிருக்கின்றன, தொடாதீர்கள். 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டும். உள்ளே புல்அப்பும் (பின்னை உயர்நிலையில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது, பட்டன் வைத்தால் வெளியே 10 கிலோஓம் போட வேண்டும். 12-ஆம் பின் துவக்கத்தில் உயர்நிலையில் இருந்தால் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் என்று சிப் எடுத்துக்கொண்டு, பொதுவான போர்டுகளில் துவங்காமலே போகும். அனலாக் சென்சார்களை 32 முதல் 39 வரை உள்ளவற்றில் வையுங்கள்; 25, 26, 27 போன்றவை இரண்டாம் ஏடிசியைச் (அனலாக் அளவை எண்ணாக மாற்றும் பகுதி) சேர்ந்தவை, வைஃபை ஓடும்போது அவை அளவு தராது.

ஐ2சியில் முகவரி மோதல்தான் அதிகம். டிஎஸ்3231 கடிகாரம், எம்பியு6050 அசைவுமானி இரண்டுக்கும் முகவரி ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 68. எம்பியு6050-இன் ஏடி0 பின்னை 3.3 வோல்ட்டில் கட்டினால் 69-க்கு மாறிவிடும். எழுத்துத் திரையில் முகவரி 27 வேலை செய்யாவிட்டால் 3எஃப் போட்டுப் பாருங்கள். பின்னால் இருக்கும் சிப் பிசிஎஃப்8574 அல்ல, அதன் ‘ஏ’ வகையாக இருக்கும்.

சால்டரிங், பேட்டரி, மீட்டர்

ஈயம் கலந்த சால்டருக்கு 350 டிகிரி செல்சியஸ் போதும். முனையால் பேடையும் காலையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடி சூடாக்கி, சால்டரை இணைப்பில் கொடுங்கள். அயர்னில் உருக்கி எடுத்து வந்து ஒட்டவைத்தால், சால்டருக்குள் இருக்கும் ஃபிளக்ஸ் (இணைப்பைச் சுத்தமாக்கும் பொருள்) வழியிலேயே ஆவியாகிவிடும். குழாய் வேலைக்கான அமில ஃபிளக்ஸ் செம்பை அரித்துவிடும், ரோசின் வகை மட்டும் போதும்.

டிபி4056 சார்ஜர் மாட்யூல் 1.2 கிலோஓம் ரெசிஸ்டரோடு வருகிறது, அதாவது 1 ஆம்பியர். 18650 என்ற உருளை லித்தியம் செல்லுக்கு அது சரி. 300 மில்லிஆம்பியர்-மணி கொண்ட, பை போன்ற உறையில் வரும் சின்ன லித்தியம் செல்லுக்கு ஆபத்து. அந்த ரெசிஸ்டரை 10 கிலோஓமாக மாற்றினால் சார்ஜ் 130 மில்லிஆம்பியருக்கு இறங்கும். சார்ஜ் ஆகும்போதே சர்க்யூட்டையும் அதே முனைகளில் ஓட்டினால், சார்ஜ் முடிந்தது என்று சிப்பால் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

கடைசியாக, பிழை தேட எடுக்கும் மல்டிமீட்டரே பிழையாகும் விதம். மின்னோட்டம் அளக்கச் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகியிருப்போம். வேலை முடிந்ததும் சுழல்குமிழை வோல்ட்டுக்குத் திருப்புவோம், வயரை மாற்ற மாட்டோம். அந்தத் துளைக்கும் பொதுத் துளைக்கும் இடையே கிட்டத்தட்ட நேரடி இணைப்பு இருப்பதால், அடுத்து பேட்டரியின் இரு முனைகளைத் தொட்டதும் அது ஷார்ட் சர்க்யூட். மின்னோட்டம் அளந்த கையோடு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டு, பிறகு மீட்டரைக் கீழே வையுங்கள்.